தென்மேற்கு மூலையில் வேப்பங்குழை

தை (ஜனவரி) 6, திங்கள்

விடியத் தூறல். எட்டு மணிக்கு வெயில். மூன்று கிழமைக்குப் பிறகு வயலுக்கு வந்து சேர்ந்தேன். ஷெல் அடிக்கு ஊரோடு ஓடிய நாளில் விட்டபடியே எல்லாம். காவல் வாடிக் கூரையில் பாதி இல்லை. வைக்கோலுக்குள் மறைத்த கை மெசின், இரண்டு சில்லு உழவு மெசின், இருந்த இடத்திலேயே. பன்னிரண்டாம் இழுவைக்கு எஞ்சின் பிடித்தது. கட்டிப் பிடித்து அழாத குறை.

பயிர்: எட்டு ஏக்கரும் நிற்கிறது. நடு வரவையில், நடு வரம்புத் துண்டில், மட்டும் ஒரு பாய் அகலத்துக்குக் கருகல், சுடுதண்ணீர் ஊற்றினது போல. குனிந்து அடித்தண்டைத் தட்டினேன். தண்ணீர் முழுக்க அறக்கொட்டிப் பூச்சி, தண்டில் சாறு உறிஞ்சுவது. பத்து நாள் விட்டால் வைக்கோல்கூட மிஞ்சாது.

இது போனால் அக்கரையில் புளியந்தீவில் மச்சாள் வீட்டு விறாந்தையில் படுத்துக் கிடக்கும் என் குடும்பத்து ஐந்து பேருக்கும் அடுத்த மாரி வரை சோறு இல்லை. காணி என் பொஞ்சாதி சாந்தியின் சீதனம். மாமா ஒன்றும் கேட்கமாட்டார், பார்ப்பார். அதுதான் எனக்குப் பயம்.

தோளில் மருந்துத் தாங்கியைச் சுமந்து அடிக்க மூன்று ஆள் வேண்டும். ஊருக்குத் திரும்பியது ஒன்பது ஆம்பிளைகள், எல்லோரும் கோயிலடியில். பெண் பிள்ளைகள் ஒருவரும் வரவில்லை. இந்த வயல் வட்டையில் நடுவே படுப்பது நான் மட்டும். யோசித்தேன். தாங்கியை மனிசன் ஏன் சுமக்க வேண்டும், மெசின் சுமக்கட்டுமே.

தை 7, செவ்வாய்

வெயில். காற்று இல்லை.

தேவை: ட்ரம், பம்ப், பெல்ட், மூங்கில், ஹோஸ், நொசில் ஆறு. நொசில் இருக்கிறது, பழைய தாங்கிகளில் கழற்றியது. மருந்து இரண்டு போத்தல் வாடிக்குள் புதைத்தது, பத்திரம்.

ட்ரம்முக்கு மேற்கே பாக்கியக்கா வீட்டுக்குப் போனேன். எங்கள் எல்லை வரம்பிலிருந்து ஒரு கூப்பிடு தூரம். புருசன் பாம்பு தீண்டிச் செத்த பிறகு அவவும் மகள் கலாவும்தான் அங்கே. ஓடின நாளில் கதிரவெளிப் பக்கம் தமையன் வீட்டுக்குப் போனதாகக் கதை. கிணற்றடியில் நீல பிளாஸ்டிக் ட்ரம், நூறு லீற்றர், வெடிப்பு இல்லை. உருட்டிக்கொண்டு வந்தேன். இரவல் என்று எழுதி வைக்கிறேன். கேட்க ஆளில்லாத வீட்டில் எடுத்தால் அதற்குப் பெயர் வேறு, எனக்குத் தெரியும்.

ட்ரம்மில் அரைவாசித் தண்ணீர் இருந்தது. தெளிந்த தண்ணீர். மூன்று கிழமையாகத் தூசி விழவில்லையா? கொட்டும்போது கவனித்தேன், வழியில் மறந்துபோனேன்.

கிணற்றுக் கயிறும் ஈரம்.

தை 8, புதன்

சாந்தி தோணித்துறைக்கு வந்தாள். அக்கரையில் ஆமி சோதனை. இரும்பு, குழாய், பெல்ட் ஒன்றும் விடமாட்டார்கள். இவள் பொங்கல் பானைக்குள் பம்பை வைத்து மேலே பச்சரிசி கொட்டி மூடிக் கொண்டுவந்திருக்கிறாள். வாகனம் கழுவும் இடத்துப் பழைய பம்ப். பெல்ட் இடுப்பில், சேலைக்குள். 

"பானைக்க கைய விட்டுப் பார்த்திருந்தா என்ன செஞ்சிருப்பாய்?"

"பொங்கலுக்கு அரிசி மாத்தயா எண்டு ஆமிக்காரனிட்டச் சொன்னன். சிரிச்சான், விட்டுட்டான். நீங்க இதப் போய்த் தோணிக்காரனிட்டச் சொல்லிராதீங்க."

"நான் ஏன் சொல்றன்?"

"சொல்லுவீங்க. வரம்பால தண்ணி ஓடாம வக்கடை கட்டுற மனிசன், உங்கட வாய்க்கு ஒரு வக்கடை கட்டுங்களன்."

சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை. வயது வந்த பிள்ளைகள் இருக்கிற வீடுகளில் இயக்கத்தார் மறுபடி கேட்டுத் திரிகிறார்களாம், இயக்கத்துக்கு வீட்டுக்கு ஒருவர் என்று. "பாக்கியக்கா கலாவக் கொண்டு போனது நல்லதாப் போச்சு. பதினஞ்சு வயசு. இஞ்ச இருந்தா விட்டிருப்பாங்களா?"

திரும்பி வரும்போது தோணிக்காரனிடம் பானைக் கதையைச் சொன்னேன். என்ன செய்வது, நல்ல கதை.

தை 9, வியாழன்

முழு நாளும் வேலை. சாப்பாடு மத்தியானம் பாண், சம்பல். பின்னேரம் ஒன்றுமில்லை.

பின்னால் கலப்பையைக் கழற்றினேன். சட்டத்தில் இரண்டு பலகை. ட்ரம்மை முன்னுக்கு வைத்தால் மூக்குக் குத்துகிறது, பின்னுக்கு வைத்தால் கைபிடி என்னைத் தூக்குகிறது. ஒருமுறை தூக்கியே விட்டது, சேற்றில் முழங்கால் குத்தி விழுந்தேன். கடைசியில் சில்லு அச்சுக்கு நேர் மேலே, ஒரு சாண் உயரத்தில். நைலோன் கயிற்றால் எட்டுக் கட்டு.

பம்பை எஞ்சின் பக்கத்தில் இறுக்கிப் பெல்டைப் போட்டேன். குறுக்கே மூங்கில், பதினெட்டு அடி, ஹோஸை அதில் கட்டி ஆறு நொசில். பூச்சி அடித்தண்டில்தானே, அதனால் நொசில் எல்லாம் கீழே தொங்கும்படி.

தள்ளி நின்று பார்த்தேன். கை விரித்த வெருளிப் பொம்மை. ஆனால் என் வெருளி.

வேலை நடுவில், நல்ல மத்தியானத்தில், தேங்காய் துருவும் சத்தம். சரக் சரக் என்று. மேற்கே. நிமிர்ந்தேன், நின்றுவிட்டது. மெசினைத் தட்டினேன், மறுபடி தொடங்கியது.

பல்லியாக இருக்கும் என்று எழுத நினைத்தேன். பல்லி அப்படிக் கத்தாது.

தை 10, வெள்ளி

வெறும் தண்ணீரில் ஓட்டிப் பார்த்தேன். ஆறு நொசிலில் ஐந்து அடிக்கிறது. ஒன்று அடைப்பு, ஊதினேன், சரி. இரும்புச் சில்லுத் தடத்தில் பயிர் படுக்கிறது. பதினெட்டு அடிக்கு இரண்டு தடம், பொறுக்கலாம்.

ஓட்டம் நேராகப் போக வரம்பு நெடுகப் பதினெட்டு அடிக்கு ஒரு தடி நட்டேன், தலையில் பழைய சாரத் துணிக் கிழிசல். இரண்டு பக்கமும் சேர்த்து எழுபத்தியெட்டுத் தடி. தடியைப் பார்த்து ஓட்டி, கோடியில் கிறுக்கித் திருப்பி, அடுத்த தடியைப் பிடிக்க வேண்டியது. கடைசித் திருப்பம் தென்மேற்கு மூலையில், பாக்கியக்கா எல்லையும் பெரிய வரம்பும் சேருமிடம்.

நாய் ஒன்று என்னோடு சேர்ந்திருக்கிறது. பேர் வைக்கவில்லை. பகலில் பாக்கியக்கா வீட்டுப் பக்கம் போகிறது, கொஞ்ச நேரத்தில் வருகிறது. இன்று வரும்போது மூக்கில் சோற்றுப் பருக்கை. நான் சோறு சமைத்து இரண்டு நாள்.

பருக்கையைத் துடைத்துவிட்டேன். ஏன் துடைத்தேன் தெரியாது.

தை 11, சனி

வேலை தொடங்கியது! கிழக்கிலிருந்து மூன்று ஏக்கர், மத்தியானத்துக்குள். மூன்று ஆள் ஒரு நாள் முழுக்கச் செய்கிற வேலை. மாமா பார்க்க வேண்டும். தண்ணீரில் பூச்சி செத்து மிதக்கிறது, தவிடு போல.

தடிகளைப் பார்க்க வரம்பு நெடுகப் போனேன். தென்மேற்கு மூலையில் கடைசி நான்கு தடி நட்ட இடத்தில் இல்லை. பத்து எட்டு வைக்கும் தூரம் உள்ளே, மூலையைச் சுற்றி வளைவாக நிற்கின்றன. துணிக் கிழிசலைக் காணவில்லை. நான்கிலும் வேப்பங்குழை. புதிது, வாடவேயில்லை.

சுற்றிப் பார்த்தேன். ஒருவருமில்லை. சேற்றில் காலடி: சின்னக் கால், விரல் விரிந்தது. என் எல்லை வரம்பில் ஏறி, மேற்கே இறங்கி, தண்ணீருக்குள் போய் முடிகிறது.

மயிர் கூச்செறிந்தது. பிறகு கோபம் வந்தது. கோபம் வந்தது நல்லது, அதோடு நிற்கலாம்.

கோயிலடியில் மந்திரம் ஓதும் கட்டாடியார் வேலை. வேறு யார்? போன போகம் மண் ஓதி எறிந்து பூச்சியைக் கட்டினேன் என்றார். கட்டினால் மூன்று நாளைக்கு வயலில் கால் வைக்கக்கூடாது, மருந்து அடித்தால் கட்டு அவிழும். நான் அடித்தேன். அன்றிலிருந்து முகம் பாரார். இப்போது குழையைக் கட்டி மறிக்கிறார்.

நான்கையும் பிடுங்கி, குழையை எறிந்து, பழைய இடத்தில் நட்டேன்.

தை 12, ஞாயிறு

மப்பு. மழை வந்தால் மருந்து கழுவுப்படும், அதனால் அடிக்கவில்லை.

தடிகள் மறுபடி உள்ளே. அதே வளைவு. இன்று குழை இரண்டு மடங்கு, இறுக்கிக் கட்டியிருக்கிறது. கட்டிய நார் வாழைநார். நனைத்துக் கட்டிய நார்.

நேரே கோயிலடிக்குப் போனேன். கட்டாடியார் கிணற்றடியில் வேட்டி பிழிந்துகொண்டிருந்தார்.

"என்ன கட்டாடியார், என்ட வயலுக்க என்ன வேலை உங்களுக்கு?"

"ஆரு வந்த உன்ட வயலுக்கு? அங்கால நான் போய் ரெண்டு மாசம்."

"அப்ப வேப்பங்குழைய ஆரு கட்டின? பேயா?"

வேட்டியைப் பிழிவதை நிறுத்தினார். "எத்தின மூலையில கட்டிக் கிடக்கு?"

"ஒண்டில. தென்மேற்கில."

"பூச்சி கட்டுறவன் நாலு மூலையிலயும் கட்டுவான் தம்பி. ஒரு மூலையில மட்டும் குழை கட்டுறது பூச்சிக்கு இல்ல." வேட்டியைக் கல்லில் வைத்தார். "அம்மாள் வருத்தம், அம்மை போட்ட வீட்டு வாசல்ல குழை கட்டுறமே, ஏன் கட்டுறம்?"

"எனக்குப் பாடம் நடத்த வேணாம்," என்று சொல்லிவிட்டு வந்தேன். கதைத்தே ஆளை மடக்குவார், அந்த வித்தை எனக்குத் தெரியும். ஊரில் நின்ற எல்லோரிடமும் சொன்னேன்: பொங்கலன்று வாடிக்கு வாருங்கள், மெசின் மருந்தடிப்பதைப் பாருங்கள், கட்டாடியாரும் வரட்டும், அந்த மூலையையே அவர் கண்முன் அடித்துக் காட்டுகிறேன்.

தை 13, திங்கள்

வெயில். இன்னும் நாலரை ஏக்கர் அடித்தேன். மிச்சம் அந்தத் தென்மேற்குத் துண்டு மட்டும். அரை ஏக்கர் வராது, ஆனால் பூச்சி இப்போது அங்கேதான் கூடி நிற்கிறது. விட்டால் ஒரு கிழமையில் திரும்பிப் பரவும்.

மத்தியானம் வாடியில் சாய்ந்திருந்தேன். மேற்கே இருமல். ஒரே ஒரு இருமல், வாயைப் பொத்தி இருமினது போல. நாய் காதைத் தூக்கியது, குரைக்கவில்லை, வாலை ஆட்டியது.

எழுந்து போய்ப் பார்த்தேன். கதவு சாத்திக் கிடக்கிறது, வெளியில் பூட்டு. கிணற்றடியில் ட்ரம் இருந்த வட்டம் மட்டும். துவைகல் ஈரம். கல்லில் ஒரு நீள மயிர் ஒட்டியிருந்தது, நரை கலவாத மயிர். "ஆரு?" என்று கேட்டேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. ட்ரம்மைத் திருப்பிக் கொண்டுவந்து வைத்துவிடுவோமா என்று தோன்றியது. நாளை வேலை முடியட்டும்.

திரும்பி நடக்கும்போது முதுகுக்குப் பின்னால் கூரை ஓலை அசைந்தது. காற்று இல்லை. ஓடினேன் என்று எழுதமாட்டேன், வேகமாக நடந்தேன்.

பின்னேரம் நான்கு தடியையும் பிடுங்கி அடுப்புக்கு வெட்டினேன். தடியில்லாமலே ஓட்டத் தெரியும்.

தை 14, செவ்வாய், பொங்கல்

ஒழுங்காக எழுதப் பார்க்கிறேன்.

காலையில் வாடியடியில் பொங்கல். ஒன்பது பேரும் வந்தார்கள், கட்டாடியார்தான் பால் ஊற்றினார். பொங்கியது கிழக்கே, நல்ல சகுனம் என்றார்கள். எனக்குத் தலைக்கனம். ட்ரம்மை நிரப்பி, மருந்து கலந்து, மெசினைத் தட்டினேன். எல்லோரும் வரம்பில் வரிசையாக.

மூலைக்கு முப்பது எட்டு வைக்கும் தூரம் இருக்கும். எஞ்சின் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. வரம்பில் நின்றவர்கள் ஓடுவதைத்தான் முதலில் பார்த்தேன். பிறகு எதிரே.

பூட்டிய வீட்டுப் பக்கமிருந்து பயிரைக் கிழித்துக்கொண்டு ஒரு பெண். வெளிறிய சேலை, விரித்த தலை, இரண்டு கையும் விரித்தபடி. முகம் சுண்ணாம்பு. என் மூங்கில் போலவே கையை விரித்துக்கொண்டு என்னை நோக்கி. பின்னால் யாரோ "மோகினி!" என்று கத்தினான். நான் கிளச்சைப் பிடிக்கவில்லை, கை விறைத்துப்போய்ப் பிடியில் ஒட்டிக்கொண்டது. அவள் நேரே மெசினுக்கு முன்னால் வந்து நின்று ட்ரம்மில் இரண்டு கையாலும் அறைந்தாள்.

"நிப்பாட்டு தவம்! நிப்பாட்டு! அதுக்குள்ள மிதிவெடி புதைச்சுக் கிடக்கு!"

பாக்கியக்கா.

நிறுத்தினேன். எஞ்சின் அடங்கினதும் வட்டை முழுக்க ஒரு சத்தமில்லை, நொசில் சொட்டுவது மட்டும்.

நாங்கள் ஓடியிருந்த நாட்களில் சிலர் வந்து அந்த மூலையில் தோண்டிப் புதைத்ததை ஓலைக்குள்ளால் பார்த்திருக்கிறா. ஆர் என்று கேட்டோம். "ஆரா இருந்தா என்ன, வெடிச்சா போற கால் ஒண்டுதான்." வரம்பில் நின்று குனிந்து பார்த்தோம். தண்ணீர் வற்றிய இடத்தில் பச்சை நிற மூடி, தேங்காய்ச் சிரட்டை அளவு. என் சில்லுத் தடத்துக்கு நேரே. பக்கத்தில் இன்னொன்று.

கட்டாடியார் என்னைப் பார்க்கவில்லை. அவவிடம்தான் கேட்டார்: "மகள் எங்க மனே?"

"கதிரவெளியில. அண்ணன் வீட்ட. நான் மட்டும் வீட்டப் பாக்க வந்தன்."

எல்லோரும் தலையாட்டினார்கள்.

பின்னேரம் பொங்கல் சோறு கொண்டு போனேன். வெளிப்பூட்டு அப்படியே, பின் ஓலையை நீக்கிக்கொண்டுதான் உள்ளே. இருட்டுக்குள் கண் பழகினதும் பார்த்தேன்: நெல்லு மூட்டைகளுக்குப் பின்னால் ஒரு பிள்ளை, முழங்காலைக் கட்டிக்கொண்டு. கலா. அந்த நீள மயிர். என்னைப் பார்த்துச் சிரித்தது. கதிரவெளிக்குப் போகவேயில்லை. நான்கு கிழமை இந்த ஓலைக்குள்.

"எனக்கு ஒரு சொல் சொல்லியிருந்தா நான் அந்தப் பக்கமே போயிருக்கமாட்டன் அக்கா. ஏன் குழையக் கட்டிக்கொண்டு?"

"உனக்குச் சொன்னா ஊருக்குச் சொன்ன மாதிரித்தானே தவம். வேப்பங்குழை கண்டா வராத எண்டு சின்னப் பிள்ளைக்கும் தெரியும் எண்டு நினைச்சன்."

தலை குனிந்தேன். ட்ரம்மைப் பற்றி அவ ஒரு சொல் கேட்கவில்லை.

"பொஞ்சாதிக்கும் சொல்லாத."

"அம்மாளாணை சொல்லமாட்டன்."

பிள்ளை சோற்றை இரண்டு கையாலும் அள்ளித் தின்றது.

தை 15, புதன்

நல்ல வெயில். புளியந்தீவுக்குப் போனேன். தோணியில் பன்னிரண்டு பேர், ஒரு சைக்கிள். எல்லோருக்கும் கதை எட்டியிருந்தது, என் வாயால் கேட்க வேண்டுமாம். சொன்னேன். வெளிறிய சேலை, விரித்த கை, ட்ரம்மில் அறைந்தது, பச்சை மூடி. தோணிக்காரன் துடுப்பை நிறுத்திவிட்டான்.

பாக்கியக்காவின் துணிவைச் சொல்லாமல் விடலாமா? தன் உயிரை மட்டுமா அவ பணயம் வைத்தா? "ரெண்டு உயிர் அந்த ஓலைக்குள்ள ஒளிஞ்சு கிடக்க, என்ட ஒரு உயிருக்காக வெளிய வந்த மனிசி," என்றேன். எல்லோரும் உச்சுக் கொட்டினார்கள்.

கலா பேரைச் சொல்லவில்லை. நன்றாக ஞாபகம், பேரைச் சொல்லவில்லை.

மாமா தோளில் கை வைத்தார். முதல்முறை.

தை 16, வியாழன்

காலைத் தோணியில் திரும்பினேன். துறையில் தோணிக்காரன் கயிற்றைக் கட்டிக்கொண்டே நின்றான். "என்ன?" என்றேன். வேறு பக்கம் பார்த்தான்.

விடியற்காலம் இயக்கத்தார் பாக்கியக்கா வீட்டுக்கு வந்திருக்கிறார்கள். நேரே பின் ஓலைக்கு. தேடவில்லையாம், தெரிந்து வந்தது போல வந்தார்களாம். மூட்டையை ஒதுக்கிப் பிள்ளையின் கையைப் பிடித்திருக்கிறார்கள். கட்டாடியார் சொன்னார். நேற்றுத் தோணியில் சைக்கிளோடு இருந்தவன் யார் என்று அவர் என்னைக் கேட்டார். எனக்குத் தெரியாது. முகம்கூட ஞாபகம் இல்லை. நான் கதை சொல்லிக்கொண்டிருந்தேன்.

பிள்ளை அழவில்லையாம். தாய் வீதி வரை மண்ணில் இழுபட்டுக்கொண்டு போயிருக்கிறா.

நான் செய்தேன். வேறு ஒருவரும் செய்யவில்லை. எழுதிவைக்கிறேன், இதையாவது ஒருவரிடமும் சொல்லாமல்.

சாப்பிடவில்லை. நாய் மேற்கே பார்த்துப் படுத்திருக்கிறது.

தை 17, வெள்ளி

தூறல்.

ட்ரம்மைக் கழற்றினேன், எட்டுக் கட்டும். சவுக்காரம் போட்டு ஐந்து முறை கழுவினேன். மருந்து மணம் போகவில்லை. இனி அதில் குடிதண்ணீர் வைக்க முடியாது. என்றாலும் உருட்டிக்கொண்டு போனேன். என்ன சொல்வது என்று வழி முழுக்க யோசித்தேன். வாய்க்கு ஒன்றும் வரவில்லை.

பூட்டு இல்லை. கதவு திறந்திருந்தது. உள்ளே ஆள் இருக்கும் சத்தம், தேங்காய் துருவும் சத்தம், சரக் சரக் என்று. நின்று நின்று.

வாசல் நிலையில் வேப்பங்குழை. இரண்டு பக்கமும், வாழைநாரால் இறுக்கிக் கட்டியிருந்தது.

ட்ரம்மை வேலிக்கு வெளியே வைத்துவிட்டுத் திரும்பினேன்.

மூலையைத் தவிர எட்டு ஏக்கரும் பச்சை. பூச்சி இல்லை.